அரூப ஓவியத்தின் முன் நாம் செய்யும் தவறுகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குக் காற்று வாங்க வருகிறவர்கள், பக்கத்தில் எங்காவது ஓவியக் கண்காட்சி நடந்தால் உள்ளே நுழைந்து ஒரு சுற்று வருவார்கள். உருவமே இல்லாத அரூபப் படத்துக்கு முன்னால் வந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இது என்ன?" முதல் தவறு இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

முத்தியால்பேட்டையில் என் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் வரைகிறார். ஒருநாள் கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கடி அகலக் கேன்வாஸ் முழுக்க நீலம். அதன்மேல் கத்தியால் இழுத்த வெள்ளை. கீழ் மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு வளைவு வந்து விழுந்தது. "அண்ணே, படகு மாதிரி அழகா இருக்கு" என்றேன். அவர் கை நின்றது. ஈரத்துணியை எடுத்து அந்த வளைவை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார். எனக்குப் பதறிவிட்டது.

"படகு வந்துட்டா இந்த நீலம் கடலாயிடும் தம்பி. அப்புறம் யாரும் நீலத்தைப் பாக்க மாட்டாங்க."

பெயர் தெரிந்த பொருள் ஒன்று கிடைத்ததும் கண் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கிக்கும் இதுதான் நேர்ந்தது. மியூனிக்கில் ஒரு மாலை, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த தன் படமே அடையாளம் தெரியாமல் அவருக்குப் பேரழகாகத் தோன்றியது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் பொருள்கள் அடையாளம் தெரிந்தன; முதல்நாள் பார்த்த அழகு முழுதாகத் திரும்பவில்லை. பொருள்கள்தான் தன் படங்களைக் கெடுக்கின்றன என்று அப்போது உணர்ந்ததாக 1913-இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் எழுதினார்.

"ஒழுங்கா வரையத் தெரியாதவங்க செய்யுற வேலை" என்பது அடுத்தது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழக ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்திகளில் சில கோடுகளிலேயே முழு ஆளும் எழுந்து நிற்பார். அந்தக் கைதான் பிறகு உருவத்தை விட்டு வண்ணப் பரப்புகளுக்குப் போனது. டச்சு ஓவியர் மோந்திரியானும் அப்படித்தான். 1908 முதல் 1912 வரை மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்து, கிளைகள் வெறும் கோடுகளாக மிஞ்சும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். வரையப் பழகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்வேன்: உருவம் வராததால் அரூபத்துக்கு வராதீர்கள். எதை விடுகிறோம் என்று தெரிந்தவர்தான் விட முடியும்.

எல்லாவற்றையும் 'மாடர்ன் ஆர்ட்' என்று ஒரே கூடையில் போடுவதும் தவறுதான். மோந்திரியானின் கோடுகளுக்குப் பின்னால் ஒரு மரம் இருந்தது. ஓவியர் மாலேவிச் 1915-இல் காட்சிக்கு வைத்த 'கறுப்புச் சதுரம்' என்ற படத்துக்குப் பின்னால் எந்தப் பொருளும் இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி பார்க்க முடியாது.

இன்னும் சிலர் ஒளிந்திருக்கும் அர்த்தத்தைத் தேடித் தேடியே களைத்துவிடுகிறார்கள். திருவந்திபுரம் கோயிலில் நாயனக்காரர் தோடியை ஆலாபனை செய்யும்போது "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று நாம் யாரும் கேட்பதில்லை. காதுக்குக் கொடுக்கிற அந்தச் சலுகையைக் கண்ணுக்கும் கொடுக்கலாமே.

கடைசியாக, போனில் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது. இந்திய அரூப ஓவியர் காய்தொண்டே உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசியும் சுரண்டியும் வேலை செய்தவர். அந்த அடுக்குகள் திரையில் தட்டையாகிவிடும். அதனால் கண்காட்சிக்குப் போனால் இருபது படங்களை ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். ஒன்றின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பத்தடி தள்ளி ஒருமுறை, ஒரு முழ தூரத்தில் ஒருமுறை.

நண்பரின் அந்த நீலப் படத்தை நானும் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் வெறும் நீலமும் வெள்ளையும்தான். மாடியில் நேரில் குனிந்து பார்த்தால், துடைத்த இடத்தில் நீலத்துக்கு அடியில் பழுப்பு லேசாகக் கசிந்து நிற்கிறது.