டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாநாடு: மேடையில் கேட்டதை அப்படியே கடையில் செய்து பார்க்காதீர்கள்

மாநாட்டிலிருந்து திரும்புகிறவர்களின் போன் நிறைய ஸ்லைடு படங்கள் இருக்கும். மறுவாரமே அதில் ஒன்றைத் தங்கள் விளம்பரத்தில் செய்து பார்ப்பார்கள். பணம் கரையத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பெரிய தவறு, ரோஆஸ் (ROAS, விளம்பரச் செலவைப்போல் எத்தனை மடங்கு விற்பனை வந்தது) எண்ணை லாப விகிதம் கேட்காமல் நம்புவது. ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு 4 ரூபாய் விற்பனை என்றால் ரோஆஸ் 4. அடக்கவிலை, பேக்கிங், கூரியர் போக நூறு ரூபாய் விற்பனையில் 25 ரூபாய் மிஞ்சும் கடைக்கு அந்த 4 வெறும் அசல்தான். லாபம் ஒரு பைசா இல்லை. 40 ரூபாய் மிஞ்சுகிறவருக்கு அசல் 2.5-லேயே வந்துவிடும். நூறை உங்கள் மிச்சத்தால் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். கேஷ் ஆன் டெலிவரி என்றால் இன்னொரு ஓட்டை உண்டு. ஆர்டர் விழுந்ததுமே விளம்பரக் கணக்கு அதை விற்பனை என்று எழுதிக்கொள்கிறது. பத்தில் இரண்டு பார்சல் திரும்பினால் 4 என்பது 3.2 ஆகிவிடும், போக வரக் கூரியர் செலவு தனி.

ஒரே விற்பனையை இரண்டு இடத்தில் எண்ணுவதும் சாதாரணமாக நடக்கிறது. திங்கட்கிழமை இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டியவர், புதன்கிழமை கூகுளில் கடைப் பெயரைத் தேடி, அங்குள்ள விளம்பரம் வழியாக வாங்குகிறார். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பு, தட்டிய 7 நாளுக்குள் நடந்த விற்பனையைத் தன் கணக்கில் சேர்க்கும். கூகுளும் அதையே தன்னுடையது என்று காட்டும். இரண்டையும் கூட்டாதீர்கள். பில் புத்தகத்தின் மொத்த விற்பனையை மொத்த விளம்பரச் செலவால் வகுத்துப் பாருங்கள்.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது அடுத்த தவறு. மெட்டாவில் ஓர் ஆட் செட் (ஒரே பட்ஜெட்டில், ஒரே வகை ஆட்களுக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்பு), யாருக்குக் காட்டினால் விற்கும் என்று பழகும் கற்றல் கட்டத்தைத் தாண்ட வாரத்துக்குச் சுமார் 50 விற்பனை தேவை. பெரிய மாற்றம் செய்தால் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். ஒரு விற்பனைக்கு 200 ரூபாய் செலவானால் வாரத்துக்கு 10,000, அதாவது நாளுக்கு ஏறக்குறைய 1,430 ரூபாய். அந்த 1,430 ரூபாயை ஐந்து ஆட் செட்டாகப் பிரித்தால் எதுவுமே அந்தக் கட்டத்தைத் தாண்டாது. ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

பட்டன் நிறத்தை மாற்றியதும் விற்பனை 20 சதவீதம் ஏறியது என்ற கதையும் மேடையில் வரும். நூறு பேரில் இருவர் வாங்கும் தளத்தில் அந்த 20 சதவீத ஏற்றத்தை நம்பகமாகக் கண்டுபிடிக்க, பழைய நிறம், புதிய நிறம் ஒவ்வொன்றுக்கும் சுமார் 21,000 பேர் வரவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 42,000 பேர், நாளுக்கு 300 பேர் வரும் கடைக்கு அது 140 நாள். சிறிய கடைகள் நிறத்தை விட்டுவிட்டு டெலிவரி கட்டணம், படங்கள், விலை ஆகியவற்றில் கைவைப்பதே மேல்.

தளத்துக்கு வருவோரைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் பயனர் விவரங்கள் வழக்கமாக 2 மாதம்தான் இருக்கும். அட்மின் பகுதியில் 14 மாதமாக இன்றே மாற்றுங்கள். அழிந்தது திரும்பி வராது. எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்ட இணைப்பின் முடிவில் சேர்க்கும் யூடிஎம் (UTM) குறிச்சொற்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கலந்தால் ஒரே விளம்பரம் இரண்டாகத் தெரியும். மின்னஞ்சலில் திறப்பு விகிதத்தை நம்பவேண்டாம்: 2021-இல் ஆப்பிள் மெயில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, படிக்காத மடலையும் திறந்ததாகக் காட்டிவிடும்.

இத்தனைக்கும் பிறகு மாநாட்டில் யாரும் முழுதாகப் பதில் சொல்லாத கேள்வி ஒன்று மிஞ்சும்: விளம்பரமே இல்லாவிட்டாலும் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? 2012-இல் அமெரிக்க இணையச் சந்தையான ஈபே தன் பெயரைத் தேடுவோருக்கான விளம்பரத்தை நிறுத்திச் சோதித்தபோது, கிட்டத்தட்ட எல்லோரும் விளம்பரமில்லாத இணைப்பு வழியாகவே வந்து சேர்ந்தார்கள். ஈபேயை எல்லோரும் அறிவார்கள். உங்கள் கடைப் பெயரில் போட்டியாளர் விளம்பரம் கொடுத்தால் கதை வேறு. அதனால் நீங்களே சோதியுங்கள். விற்பனை ஒரே போக்கில் ஏறி இறங்கும் இரண்டு ஊர்களைப் பிடியுங்கள், மதுரையும் சேலமும் என்று வையுங்கள். சேலத்தில் 4 வாரம் விளம்பரத்தை நிறுத்தி, மதுரையில் தொடருங்கள். இரண்டின் முந்தைய 4 வார விற்பனையோடு ஒப்பிட்டால் விளம்பரம் உண்மையில் கொண்டுவந்தது எவ்வளவு என்று தெரியும். தீபாவளி, பொங்கல் மாதங்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பண்டிகைக் கூட்டம் இரண்டு ஊரிலும் ஒரே அளவில் ஏறாது.