கத்தாளைத் தலையிலிருந்து தென்கடல் ஸ்னாப்பர் வரை: காதுக்கல்லைக் கொண்டு மீனின் வயதைக் கணிக்கும் முறை

கத்தாளைக் குழம்பில் தலையைச் சாப்பிடும்போது பல்லில் இடறும் வெள்ளைக் கல்லை வடாற்காட்டு வீடுகளில் பார்க்காதவர் குறைவு. அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மறந்துவிடுவோம். அது மீன் விழுங்கிய கல் அன்று. முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே மீனின் உட்காதில் தோன்றி, சாகும் நாள்வரை படலத்தின்மேல் படலமாக வளரும் சுண்ணாம்புக் கல் அது; மீன் தன் உடலின் சமநிலையையும் ஒலியையும் உணர்வதற்கு அது உதவுகிறது. ஒருமுறை படிந்த படலம் மீண்டும் கரைந்து உடலுக்குள் போவதில்லை. அதனால்தான் மீனின் வயதை அறிய விரும்புவோர், உதிர்ந்து புதிதாக முளைக்கக்கூடிய செதிலைவிட இந்தக் கல்லை நம்புகிறார்கள். வேலூரில் இருந்துகொண்டே, மார்க்கெட்டில் வாங்கிய மீனை வைத்து இதைச் செய்து பார்க்கும் முறையை, விலங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

தெளிவான வளையம் எப்படி உண்டாகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மிதவெப்பக் கடல்களின் பாறைத்திட்டு மீன்களைப்போல நல்ல பாடம் வேறில்லை. நம் கடலோர மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் கடலடிப் பாறைகளே நியூசிலாந்து, தென் ஆஸ்திரேலியக் கரைகளிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே பவளத்துக்குப் பதிலாக, ஆள் மறையும் அளவுக்குப் பழுப்புநிறக் கடற்பாசி காடாக வளர்ந்திருக்கும். அந்தப் பாறைகளிலும் அருகிலுள்ள மணல் தரைகளிலும் வாழ்வது கிரிசோஃபிரிஸ் ஆராட்டஸ் என்ற ஸ்னாப்பர் மீன். மாவோரி மக்கள் அதைத் தாமுரே என்கிறார்கள். பெயரைக் கேட்டு நம் சங்கராவின் உறவு என்று நினைத்துவிடக் கூடாது, இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். அந்தக் கடலில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நீரின் வெப்பம் நன்றாக மாறுகிறது. நீர் வெதுவெதுப்பாக இருக்கும் மாதங்களில் மீன் விரைந்து வளர்ந்து கல்லில் அகலமாகப் படலம் விடுகிறது, குளிர்ந்ததும் வளர்ச்சி தளர்ந்து படலம் நெருங்குகிறது. ஒளி புகாத பட்டை ஒன்றும் ஒளி ஊடுருவும் பட்டை ஒன்றும் சேர்ந்து ஓர் ஆண்டு. இப்படி எண்ணித்தான் ஸ்னாப்பர் 60 ஆண்டுவரை வாழக்கூடியது என்று கண்டார்கள்.

எண்ணியது சரிதானா என்ற கேள்விக்கும் அந்த மீனின் கல்லே விடை சொன்னது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் கடலிலும் இறங்கி, அந்தக் காலத்தில் பிறந்த மீன்களின் காதுக்கல்லில் அடையாளமாகப் பதிந்திருந்தது. ஜான் கேலிஷ் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் நியூசிலாந்து ஸ்னாப்பரின் கற்களில் அந்தக் கார்பனை அளந்து, வளையங்களை எண்ணிச் சொன்ன பிறந்த ஆண்டோடு ஒப்பிட்டுக் காட்டினார். எண்ணிக்கையைத் தனியாக நம்பாமல் வேறொரு சான்றோடு உரசிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மீனைத் தேர்ந்தெடுப்போம். தொடங்குபவர்களுக்குக் கத்தாளையே ஏற்றது, ஏனென்றால் அதன் கல் பெரியது, தடிமனானது. வஞ்சிரத்தின் கல் உடலோடு ஒப்பிட மிகச் சிறியது, எளிதில் நொறுங்குவது. மோர்தானா அணையில் கிடைக்கும் கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களில் இந்தக் கல் ஊசிபோல் மெலிந்திருக்கும்; பழகிய கைக்குத்தான் அது அகப்படும். மார்க்கெட்டில் மீன் வெட்டுபவர்கள் தலையை நடுவில் பிளந்து கொடுப்பது வழக்கம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் வழக்கமாக வாங்குபவரிடம் முதல் தடவை, "அக்கா, தலையைப் பிளக்காம முழுசா குடுங்க, உள்ள இருக்கிற கல்லு வேணும்" என்றபோது, அவர் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "கத்தாளைன்னா கல்லு இருக்கத்தானே செய்யும் சார், இதுக்கா சொல்றீங்க" என்று தலையை அப்படியே பையில் போட்டுக் கொடுத்தார். குழம்பில் வெந்த தலையிலிருந்து கல்லை எடுக்க வேண்டாம். புளியின் அமிலம் கல்லின் மேற்பரப்பை அரித்துவிடும், கொதிநிலையில் உட்புறமும் வெளிறிப்போகலாம்.

வெட்டுவதற்கு முன் மீனின் முழு நீளத்தையும் எடையையும் வாங்கிய தேதியையும் எழுதிவையுங்கள். வயிற்றைத் திறக்கும்போது உள்ளே இருப்பது சினையா பாலா என்று பார்த்து ஆணா பெண்ணா என்பதையும் குறியுங்கள். இவை இல்லாமல் வெறும் கல்லை வைத்திருப்பதால் பயன் இல்லை. பிறகு செவுளை முழுவதும் பிய்த்தெடுத்துவிட்டுத் தலையை மல்லாத்தினால், மண்டையோட்டின் அடிப்பக்கத்தில், முதுகெலும்பு வந்து சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், இருபுறமும் சிறு மேடாகப் புடைத்திருப்பது தெரியும். கத்தாளையில் அந்த எலும்பு மெல்லியது. கத்தி முனையால் பக்கவாட்டில் இலேசாக நெம்பினால் ஓடு விலகி, ஒரு மெல்லிய சவ்வுக்குள் கல் பளிச்சென்று வெளிப்படும். மேலிருந்து வெட்ட முயன்றால் கத்தி கல்லின்மேலேயே இறங்கிவிடும் என்பதால் அடிவழியே நல்லது. இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டையும் எடுத்து, சவ்வை விரலால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கல்லைத் திருப்பிப் பார்த்தால் ஒரு முகத்தில் தலைப்பிரட்டை நீந்துவதுபோல் ஒரு பள்ளம் இருக்கும். கத்தாளைக் குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது.

கல்லை உலர்வாகக் காகித உறையில்தான் வைக்க வேண்டும். நான் தொடக்கத்தில் ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த கற்களை ஃபார்மலின் புட்டியில் போட்டு வைத்தேன். சில மாதங்களில் அந்தத் திரவம் அமிலமாகி, கற்கள் சாக்பீஸ்போல் உதிர்ந்துவிட்டன. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தடித்த கல்லை அப்படியே பார்த்தால் வளையம் தெரியாது. குறுக்கே உடைத்துப் பார்க்க வேண்டும். கல்லின் நடுவில், அது முதன்முதலில் தோன்றிய கரு இருக்கும் இடத்துக்குச் சற்று வெளியே பென்சிலால் கோடிட்டு, அந்த இடத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். உடைந்த முகத்தை வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கடைகளில் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரில், நீர் விட்டுக்கொண்டே, முதலில் 400-ஆம் எண்ணிலும் பிறகு 1000-ஆம் எண்ணிலும் தேயுங்கள். பத்துப் பதினைந்து தேய்ப்புக்கு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது அவசியம், ஏனெனில் கருவைத் தாண்டித் தேய்த்துவிட்டால் முதல் வளையம் போய்விடும். பிறகு கல்லை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேலே காட்டினால், படலங்களுக்கிடையே உள்ள புரதம் கருகி, முகம் மெல்லப் பொன்னிறமாகும். அந்த நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். சாம்பல் நிறமானால் கல் நொறுங்கிவிடும். ஆறியபின் முகத்தின்மேல் ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டு, கறுப்புக் காகிதத்தின்மேல் மெழுகில் நிமிர்த்தி வைத்து, பக்கத்திலிருந்து டார்ச் ஒளி விழும்படி நகைக்கடைப் பூதக்கண்ணாடியாலோ நுண்ணோக்கியாலோ பாருங்கள். அகன்ற வெளிர் பட்டைகளுக்கு நடுவே கரிய கோடுகள் அரிசிக்கோலம்போல் சுற்றி வருவது தெரியும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு, "மூன்று கோடு, மூன்று வயது" என்று எழுதிவிடாதீர்கள். ஸ்னாப்பருக்குக் குளிர்காலம் வளையம் போட்டுக் கொடுக்கிறது. நம் கரையின் கடல் நீருக்கு அத்தகைய குளிர்காலம் கிடையாது. பருவமழை, இரை குறையும் காலம், சினை விடும் காலம் ஆகிய ஒவ்வொன்றும் கல்லில் கோடு விடலாம், ஒரே ஆண்டில் இரண்டு கோடும் விழலாம். எனவே ஓராண்டு முழுவதும் மாதம் தவறாமல் பத்துப் பதினைந்து கத்தாளைகளின் கல்லை எடுத்து, கல்லின் வெளி விளிம்பில் இருப்பது வெளிர் பட்டையா கரிய கோடா என்பதை மட்டும் குறித்து வாருங்கள். கரிய விளிம்பு ஆண்டில் ஒரே ஒரு பருவத்தில் மட்டும் மிகுந்து வந்தால்தான் அதை ஆண்டு வளையம் என்று கொள்ளலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், அந்த நாட்களில் வேலூருக்கு வரும் மீன் பெரும்பாலும் மேற்குக் கரையினதாக இருக்கக்கூடும். வியாபாரியிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி, இரண்டையும் கலக்காமல் வையுங்கள்.

வயது தெரிந்தால் மீனின் வாழ்க்கையே வேறு விதமாகத் தெரியும் என்பதற்கு மீண்டும் ஸ்னாப்பரிடமே போகலாம். இளம் மீன்கள் கடற்புல்லும் சிப்பிப் படுகையும் உள்ள அமைதியான விரிகுடாக்களில் வளர்கின்றன. நியூசிலாந்தில் எல்லாக் குஞ்சுகளும் முதலில் பெண்ணாகவே தொடங்கி, ஒரு பகுதி இனமுதிர்ச்சிக்கு முன்பே ஆணாக மாறிவிடுகிறது. வசந்தத்திலும் கோடையிலும் பலமுறை முட்டையிடுகின்றன. ஒரே இடத்தில் பிடித்த மீன்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, சில ஆண்டுகளில் பிறந்தவை மட்டும் கூட்டமாக இருப்பதும், அவை கோடை வெதுவெதுப்பாக இருந்த ஆண்டுகள் என்பதும் தெரிந்தது. நல்ல ஆண்டு வரும்வரை காத்திருக்கும் ஆயுள் அந்த மீனுக்கு இருப்பதால்தான் இனம் நிலைக்கிறது. முதிய மீன்களை எல்லாம் பிடித்துவிட்டால் அந்தக் காத்திருப்பே இல்லாமல் போகும். நியூசிலாந்தின் முதல் கடல் காப்பகம் 1975-இல் லீ என்ற ஊருக்கருகே உருவானபின், அங்கே பெரிய ஸ்னாப்பர்களும் சிங்கி இறால்களும் பெருகி, பாசியை மேய்ந்து பாறையை மொட்டையாக்கியிருந்த கடல் முள்ளெலிகளைத் தின்று குறைத்தன. பாசிக்காடு திரும்ப முளைத்தது. மேற்கு நீல குரோப்பர் என்ற ஆஸ்திரேலியப் பாறைமீன் இன்னும் மெதுவானது: 70 ஆண்டு வாழும், பெண்ணாக முதிர்வதற்கே ஏறத்தாழ 17 ஆண்டு, ஆணாக மாற ஏறத்தாழ 35 ஆண்டு ஆகும். இந்த வயதுகளெல்லாம் காதுக்கல்லை எண்ணி அறிந்தவை.

எண்ணும்போது மீனின் நீளத்தை எழுதிய பக்கத்தை மூடிவிடுங்கள், ஏனென்றால் பெரிய மீன் என்று தெரிந்தால் கண் தானாகவே ஒரு கோட்டைக் கூட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து அதே கல்லை மறுபடி எண்ணுங்கள், உடன் படிக்கும் ஒருவரையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள். மூன்று எண்ணிக்கையும் ஒத்துவராத கல்லைத் தூக்கி எறியாமல், உறையின்மேல் மூன்று எண்களையும் எழுதி, அதன் ஜோடிக் கல்லை உடைத்துப் பாருங்கள்.