செயின் சாவில் காயில் இடைவெளி வைப்பது எப்படி? (பிளக்கில் கரண்ட் வராத மெஷினுக்கு)

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை நோகும், மெஷினுக்கு மட்டும் உயிர் வராது. பெட்ரோல் ஏறுகிறது, பிளக் நனைந்திருக்கிறது, ஏர் ஃபில்டரும் சுத்தம். ஆனால் பிளக்கில் கரண்ட் இல்லை, அல்லது பொறி மஞ்சளாகச் சோர்ந்துபோய் அடிக்கிறது. இந்த நிலையில் உடனே புதுக் காயில் (பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் கம்பிச்சுருள்) வாங்க ஓட வேண்டாம். காயிலுக்கும், கயிறு இழுத்தால் சுற்றும் சக்கரமான ஃபிளைவீலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை முதலில் பாருங்கள்.

பெட்ரோல் செயின் சாவில் பேட்டரி கிடையாது. ஃபிளைவீலில் பதித்திருக்கும் காந்தம் காயிலின் கால்களை (ஃபிளைவீலைப் பார்த்து நீட்டியிருக்கும் இரும்பு முனைகள்) கடந்து ஓடும்போதுதான் கரண்ட் பிறக்கிறது. இடைவெளி கூடினால் காந்த விசை குறைந்துவிடும். அதிலும் கையால் இழுக்கும் வேகம் குறைவு என்பதால், ஓடும்போது சமாளிக்கிற மெஷின்கூட ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இடைவெளி மிகவும் குறைந்தால் ஃபிளைவீல் காயிலில் உரசும், ஃபிளைவீல் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங் கொஞ்சம் ஆடினாலே போதும். ஹஸ்க்வர்னா மெஷின்கள் பலவற்றுக்கு 0.3 மி.மீ. என்பது கணக்கு. கடைகளில் கிடைக்கும் 52 சிசி, 58 சிசி மெஷின்களுக்கும் அதே 0.3 ஒத்துவரும். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள்.

அளவு வைக்க எதைச் செருகுவது? இரும்பு ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. காந்தம் அதைக் கவ்விக்கொள்ளும், சரியாக உட்கார்ந்ததா என்று கைக்குத் தெரியாது. பித்தளை கேஜ் அல்லது பிளாஸ்டிக் பட்டைதான் நல்லது. அது இல்லையென்றால் சாதாரண 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம், அதை மூன்றாக மடித்தால் 0.3 வந்துவிடும். விசிட்டிங் கார்டு என்று எல்லோரும் சொல்வார்கள், பரவாயில்லை, ஆனால் கார்டுக்குக் கார்டு கனம் மாறும், வெர்னியர் இருந்தால் அளந்துவிட்டுச் செருகுங்கள். ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ., அதைத் தொடவே வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். பிளக் கேப்பைக் கழற்றுங்கள், பிளக்கையும் கழற்றிவிடுங்கள். அப்போதுதான் ஃபிளைவீல் கையால் லேசாகச் சுற்றும், மெஷின் திடீரென்று உதைக்கவும் வழியில்லை. ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றினால் ஃபிளைவீல் தெரியும், அதன் ஓரத்தில் இரண்டு திருகில் நிற்பதுதான் காயில்.

முதலில் சுத்தம். காந்தத்தின் முகத்திலும் காயில் கால்களின் நுனியிலும் துரு இருந்தால் நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். கஜா புயல் 2018 நவம்பரில் தென்னைகளைச் சாய்த்த பிறகு எங்கள் பக்கம் மெஷின் வாங்காத தோப்புக்காரர் குறைவு, அதில் பல இன்றைக்குக் கொட்டகையில் கிடக்கின்றன. கடற்காற்று படும் ஊர்களில் இந்தத் துரு தடிப்பாகவே ஏறியிருக்கும், அதை எடுக்காமல் இடைவெளி வைத்தால் துருவுக்கு மேல் வைத்த அளவாகத்தான் இருக்கும்.

அடுத்து காந்தம் காயிலுக்கு எதிரில் வராதபடி ஃபிளைவீலைத் திருப்பி வைத்து, காயிலின் இரண்டு திருகையும் தளர்த்தி, காயிலைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு திருகை மட்டும் லேசாகப் பிடிக்கவிடுங்கள். இப்போது காந்தத்தைக் காயிலுக்கு நேராகக் கொண்டுவந்து, தாளை நடுவில் செருகிவிட்டு அந்தத் திருகையும் தளர்த்தினால் காந்தமே காயிலை டப்பென்று இழுத்துக்கொள்ளும். நீங்கள் அழுத்த வேண்டியதில்லை.

இங்கேதான் பலருக்கும் காரியம் கெடுகிறது, எனக்கும் அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். தாள் ஒரு காலுக்கு மட்டும் போதுகிற அளவில் குட்டையாக இருந்தால், மற்ற கால் ஃபிளைவீலோடு ஒட்டி உட்கார்ந்துவிடும், அல்லது காயில் சாய்ந்து நிற்கும். தாள் எல்லாக் கால்களையும் சேர்த்து மூடும் நீளத்தில் இருக்க வேண்டும். அப்புறம் திருகை இறுக்கும்போது கடைசிச் சுற்றில் காயில் லேசாக நகரும். ஒரு திருகை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் இது நிச்சயம் நடக்கும். இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள், மற்ற கையின் பெருவிரலால் காயிலைத் தாளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பலம் காட்ட வேண்டாம், பாடி மெக்னீசியக் கலவை, மரை போய்விட்டால் இந்த வேலையைவிடப் பெரிய செலவு.

இறுக்கியதும் கயிறு இழுத்தால் சுற்றும் திசையிலேயே ஃபிளைவீலைச் சுற்றினால் தாள் தானாக வெளியே வரும். வந்துவிட்டது, முடிந்தது என்று மூடியைப் போட்டுவிடாதீர்கள். காந்தத்தை மறுபடி காயிலுக்கு நேராக வைத்து, அதே தாளை ஒவ்வொரு கால் பக்கமும் தனித்தனியாகச் செருகிப் பாருங்கள், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி லேசாகப் பிடித்து நகர வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் நுழையவே இல்லையென்றால் முதலிலிருந்து செய்யுங்கள். கடைசியில் ஃபிளைவீலைச் சில முறை முழுதாகச் சுற்றி, எங்கும் உரசும் சத்தம் இல்லை என்பதையும், ஒயர் எதுவும் ஃபிளைவீலில் படவில்லை என்பதையும் பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.

கரண்ட் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன், விலையும் பெரிதில்லை. பிளக்கையே கேப்பில் மாட்டிப் பார்ப்பதானால் அதன் உலோகப் பகுதி சிலிண்டரைத் தொட்டபடி இருக்கட்டும், பிளக் துளையை விட்டுத் தள்ளி வையுங்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பிளக் முனை இடைவெளி 0.5 மி.மீ. இருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இடைவெளி வைத்தும் கரண்டே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் ஒயரைக் காயில் பக்கம் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது கரண்ட் வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, ஒயர் எங்கோ பாடியில் பட்டுக்கொண்டிருக்கிறது அல்லது சுவிட்ச் கெட்டிருக்கிறது. ஒயர் இல்லாமல் மெஷினை ஓட்டாதீர்கள், சுவிட்ச் போட்டாலும் நிற்காது, சோக் இழுத்துத்தான் நிறுத்த வேண்டிவரும். கரண்ட் நன்றாக இருந்தும் மெஷின் திருப்பி உதைத்தால் ஃபிளைவீலைக் கழற்றி அதன் சாவி (ஃபிளைவீலைத் தண்டில் நகராமல் பிடிக்கும் சிறு துண்டு) வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பொறி அடிக்கும் டைமிங் தவறியிருக்கும்.

குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஓடுகிற மெஷினில் நிற்கும் நேரத்தில் கரண்ட் இல்லையென்றால், அது பெரும்பாலும் காயிலின் உள்கோளாறு, இடைவெளியால் தீராது. புதுசு வாங்கப் போகும்போது பழைய காயிலைக் கையோடு எடுத்துப்போய், திருகுத் துளைகளின் தூரம், கால்களின் வளைவு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் மாட்டுங்கள், கழற்றும் முன்பே போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் குழப்பம் வராது.