புறாத்தீவில் முதல் ஸ்நோர்க்கலிங்: தண்ணீர் என்றால் பயப்படுகிறவர்களுக்கு

ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வசதி: கிழக்குக் கடல் அடங்கிக் கிடப்பதும் அந்த மாதங்களில்தான். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். ஸ்நோர்க்கலிங் என்பது முகத்தில் மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயும் வைத்து, குப்புற மிதந்தபடி தண்ணீருக்குள் பார்ப்பது. இங்கே முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) கரைக்குக் கிட்டவே தொடங்கிவிடுவதால், ஆழத்துக்குப் போகாமலே மீன் பார்க்கலாம். பயந்தவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற இடம்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். "ஒன்றுமில்லை, குதி!" என்று படகில் உசுப்பேற்றும் மச்சான்மாரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சு தானாகவே சின்னச் சின்னதாகவும் வேகமாகவும் மாறும். அப்படி மேலோட்டமாக மூச்சு விட்டால், வெளியே தள்ளிய பழைய காற்றில் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே நின்று திரும்ப உள்ளே வரும். காற்றுப் போதாததுபோல் இருக்கும், பதற்றம் கூடும். இதற்கு மருந்து, மூச்சை நீளமாக வெளியே விடுவதுதான். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுங்கள்.

இதைக் கடலில் போய்ப் பழகத் தேவையில்லை. மாஸ்க்கையும் குழாயையும் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே வாங்கி, அங்குள்ள நீச்சல் குளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி முகத்தை மட்டும் உள்ளே வைத்துப் பழகுங்கள். வாடகை மாஸ்க்குகள் பலர் முகத்தில் ஏறி இறங்கியவை. ஓரத்து சிலிக்கன் இறுகிப் போயிருந்தால் தண்ணீர் கசியும். வாங்கும்போது பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் இலேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. மீசைக்காரர்களுக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள மாஸ்க் கேட்டு வாங்கலாம். முழு முகத்தையும் மூடும் மாஸ்க் சுலபமாகத் தெரிந்தாலும் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். பதறும் நேரத்தில் குழாயைத் துப்புவதுபோல் அதைச் சட்டென்று கழற்ற முடியாது.

இரண்டு காரியங்களைக் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் 'தூ' என்று ஒரே மூச்சில் பலமாக ஊதுங்கள். மாஸ்க்குக்குள் புகுந்தால் தலையை வெளியே எடுத்து, கீழ் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் வடிந்துவிடும். கண்ணாடியில் புகை படியாமலிருக்க, போடுவதற்கு முன் உள்ளே எச்சில் தடவி அலசுங்கள். அருவருப்பாக இருந்தால் குழந்தைகளுக்கான ஷாம்பூ ஒரு துளி போதும்.

தீவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு. அனுமதிச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தினுடையது, படகுக் கூலி வேறு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் உள்ளூராரைவிட நிறையவே கூட. தமிழில் கதைத்தாலும் குறையாது. படகில் ஏறும் முன்பே கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: "அண்ணை, எனக்கு நீந்தத் தெரியாது, பயமாயும் இருக்கு. தண்ணிக்குள்ள கூட வருவீங்களோ?" மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு படகு பாருங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக் கொக்கியை இழுத்துப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு குப்புற மிதக்கலாம், மீனும் நன்றாகத் தெரியும்.

தீவின் கரையில் உடைந்த முருகைக்கல் குவிந்து கிடக்கும், வெறுங்காலைக் கிழிக்கும். தண்ணீருக்கான சப்பாத்து போடுங்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு உயிருள்ள முருகைக்கல் மேல் ஏறி நிற்க வேண்டாம்; மணல் தெரியும் இடத்தில் மட்டும் காலை ஊன்றுங்கள். செத்த துண்டானாலும் ஞாபகத்துக்கு என்று பையில் போடுவது சட்டப்படி குற்றம். முதுகும் பின்னங்காலும் வெயிலில் வெந்துவிடும், நீளக் கைச்சட்டை உதவும்.

செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் அங்கே திரியும். சுறா என்றதும் திடுக்கிடும்தான், ஆனால் அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை. துரத்தாமல், கையை நீட்டாமல் மிதந்தபடி பாருங்கள். ஆமைக்கும் அதே மரியாதை.

டிசம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் நிலாவெளியை விட்டுவிடுங்கள். அது மாரி காலம், கடல் கொந்தளிக்கும், அடித்தளம் கலங்கி ஒன்றும் தெரியாது. அந்த நேரம் அமைதியாக இருப்பது தென்மேற்குக் கரை. ஹிக்கடுவையிலும் கரையோரமாகவே முருகைக்கல் உண்டு.