பெரிய நாடு சொன்னால் கேட்கணுமா? டீக்கடைப் பேச்சில் வரும் தவறுகள்

இறால் விலை இறங்கினால் போதும், பாம்பன் டீக்கடையில் வெளியுறவுக் கொள்கை சூடாகிவிடும். 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட, ஏற்கெனவே போட்டதோடு சேர்ந்து 50 ஆனது. நம் இறாலை அதிகம் வாங்குவதே அவர்கள்தான். "சொன்னதைக் கேட்டிருந்தா இந்தப் பாடு உண்டா?" என்றார் ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி.

கேட்டால் சலுகை நிச்சயம் என்று நினைப்பது முதல் தவறு. 2019இல் அமெரிக்கத் தடைக்குப் பயந்துதான் ஈரான் எண்ணெயை நிறுத்தினோம். அந்த நன்றி ஏழு வருடம்கூடத் தாங்கவில்லை.

மறுத்தால் உறவு முறிந்துவிடும் என்பதும் சரியில்லை. 2003இல் ஈராக் போருக்குக் கனடா வரவில்லை. தன் மண் வழியாக அமெரிக்கப் படை போகத் துருக்கி நாடாளுமன்றம் அனுமதி தரவில்லை. இரண்டும் இன்றும் அமெரிக்கா இருக்கும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் இருக்கின்றன. கூடவே போன பிரிட்டனிடம், சமாதான வழிகள் தீருமுன்பே போருக்குப் போனாய் என்று அதன் சொந்த விசாரணைக் குழுவே 2016இல் சொன்னது.

அப்படியானால் சொந்த முடிவெல்லாம் நமக்கு நல்லதா? அதுவும் இல்லை. 1974இல் கச்சத்தீவு ஒப்பந்தம் டெல்லி கொழும்போடு பேசி எடுத்த முடிவுதான். இந்தக் கரையை யாரும் கேட்கவில்லை.

பெரிய தவறு வேறு. வல்லரசு என்றாலே அமெரிக்கா என்று நினைக்கிறோம். இலங்கையின் தலைமன்னாரில் நின்று பார்த்தால் பெரிய நாடு நாம்தான். 2022இல் இலங்கை நொடித்தபோது சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவினோம். அந்த வருடம் ஆகஸ்டில் நாம் கவலை தெரிவித்தும், சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பலைத் தங்கள் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் விட்டார்கள். "நன்றி கெட்டவங்க, டெல்லி ஒரு அதட்டு அதட்டணும்" என்று அதே டீக்கடை கொதித்தது. அமெரிக்கா நம்மை அதட்டினால் மட்டும் மானப் பிரச்சினை!

வடகடலுக்கு (பாக் விரிகுடாவுக்கு) அந்தப் பக்கம், கடலடியை வாரி இழுக்கும் நம் இழுவைமடியில் வலை அறுந்து நிற்பவர்களும் தமிழர்கள்தான். இழுவைமடிக்கு இலங்கை 2017இல் தடைச் சட்டம் போட்டது. டெல்லி சொன்னாலும் அதைத் தளர்த்தாதே என்று கொழும்பிடம் கேட்பவர்கள் அவர்கள். சம்மாட்டியிடம் இதைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது வேற தம்பி, இது வேற."