இம்ப்ரவ் விளையாட்டுகளை வகுப்பிலும் ஆபீசிலும் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லாமல், எதிரில் இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அந்த நொடியில் காட்சியை நகர்த்துவதுதான் இம்ப்ரவ். ஆசிரியர்களோடு இந்த விளையாட்டுகளைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இது காதுக்கான பயிற்சி, ஆனால் பலர் வாய்க்கான பயிற்சி என்று நினைத்து வருகிறார்கள்.

அதனால்தான் உள்ளே வந்ததும் சிரிக்க வைக்கப் பார்க்கிறார்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் மனசுக்குள் ஒரு பஞ்ச் தயாராகிவிடுகிறது, அவர் சொன்னது காதிலேயே விழுவதில்லை. ஆனால் இம்ப்ரவின் வேர் மேடையில்கூட இல்லை. சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில் நேவா பாய்ட் என்பவர் குழு விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற வயோலா ஸ்போலின், வேறு வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்யும்போது அவற்றை நாடகப் பயிற்சியாக வளர்த்தார். 1959-ல் அவருடைய மகன் பால் சில்ஸும் நண்பர்களும் செகண்ட் சிட்டி என்ற இம்ப்ரவ் நாடகக் குழுவைத் தொடங்கிய பிறகுதான் நகைச்சுவை என்ற முத்திரை அழுத்தமாக விழுந்தது.

அடுத்தது ‘எஸ், அண்ட்’, அதாவது ‘ஆமாம், அதோடு’ என்ற விதி. எதிராளி கொடுத்ததை ஏற்றுக்கொள், உன் பங்குக்கு ஒன்றைச் சேர். இதை எல்லாவற்றுக்கும் தலையாட்டு என்று புரிந்துகொள்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு அமெரிக்காவில் இந்தப் பயிற்சியைக் கொடுக்கிறார்கள், அங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும். எண்பது வயதுப் பாட்டி, “ஸ்கூல் விட்டாச்சு, அம்மா ஏன் இன்னும் வரலை?” என்று கேட்கிறார். உங்கள் அம்மா இறந்து நாற்பது வருஷமாகிறது என்று திருத்தினால் அந்தச் சாவை அவர் புதிதாக ஒருமுறை கேட்கிறார், நாளைக்கும் கேட்பார். “அம்மா வரும்போது என்ன வாங்கிட்டு வருவாங்க பாட்டி?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நகரும். ஆனால் அதே பாட்டி, போட்ட மாத்திரையை இன்னொரு முறை போடணும் என்றால் சரி என்று எடுத்துக் கொடுக்க மாட்டோம். அவர் இருக்கும் உலகத்தைத்தான் ஏற்கிறோம், கேட்டதையெல்லாம் செய்துகொடுப்பது வேறு. ஆபீஸ் மீட்டிங்கிலும் அப்படித்தான், யோசனைகளைக் கொட்டும் நேரத்துக்கு மட்டும் ‘எஸ், அண்ட்’ வைத்துக்கொண்டு, பட்ஜெட் பேசும்போது இல்லை என்பதை இல்லை என்றே சொல்லுங்கள்.

கண்ணாடி விளையாட்டில் இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைய மற்றவர் அப்படியே பிரதிபலிக்க வேண்டும். வேகமாகக் கையை வீசி எதிராளியைத் தோற்கடிக்கப் பார்ப்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். விஞ்ஞானிகள் தங்கள் வேலையைப் பொதுமக்களுக்குப் புரியும்படி பேச அவர்களைத் தயார்படுத்திய அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா இந்த விளையாட்டைத்தான் பயன்படுத்தினார், அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் 2009-ல் உருவானது. பின்தொடர்பவர் தடுமாறினால் பொறுப்பு முன்னால் போகிறவருடையது, அதனால் மெதுவாகப் போ. பாடம் புரியவில்லை என்று ஒரு வகுப்பே விழிக்கும்போது ஆசிரியர் நினைக்க வேண்டியதும் இதுதான்.

யாரையும் கட்டாயப்படுத்தி நடுவில் நிறுத்தாதீர்கள், உட்கார்ந்து பார்க்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலதிகாரி கைகட்டி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, ஒன்று முழுசாகச் சேரட்டும், இல்லையென்றால் வெளியே இருக்கட்டும். இம்ப்ரவ் ஆசிரியர் கீத் ஜான்ஸ்டன் உருவாக்கிய அந்தஸ்து விளையாட்டுகளில் ஒருவர் உயர்ந்தவராகவும் மற்றவர் தாழ்ந்தவராகவும் நடிப்பார்கள். அருமையான விளையாட்டு, ஆனால் நிஜ மேனேஜரையும் அவருக்குக் கீழே இருப்பவரையும் முதல் நாளே ஜோடி சேர்த்தால், அன்று நடித்ததை இருவராலும் திங்கட்கிழமை மறக்க முடியாது.

அப்புறம், விளையாடிக் கைதட்டிவிட்டுக் கலைந்துபோவது. பத்து நிமிஷம் விளையாடினால் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச வேண்டும். நான் கேட்பது ஒரே கேள்வி: “எந்த இடத்தில் நீங்கள் கேட்பதை நிறுத்தினீர்கள்?” ஒருமுறை ஒரு கணக்கு டீச்சர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பையன் கேள்வியை ஆரம்பிச்சதுமே சார். அவன் என்ன கேக்கப்போறான்னு எனக்குத் தெரியும்னு நினைச்சுக்குவேன்.”