டீசல் பிக்கப்புக்கு ரீகால் வந்தால்: சேசிஸ் நம்பர் முதல் ஜாப் கார்டு வரை

பாதுகாப்புக் குறை உள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவதுதான் ரீகால். அந்த அறிவிப்பு வந்ததும் சிலர் "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று ஆறப்போடுவார்கள். சிலர் அன்றைக்கே சர்வீஸ் சென்டரில் போய் நின்று, பார்ட்ஸ் இன்னும் வரவில்லை என்ற பதிலோடு திரும்புவார்கள். இரண்டுமே வீண். ரீகால் வேலை முழுக்க வண்டியின் 17 இலக்க சேசிஸ் நம்பரைச் சுற்றித்தான் நடக்கிறது. கம்பெனியின் பதிவேட்டில் அந்த நம்பருக்கு நேரே வேலை முடிந்ததாக ஏறும்வரை, மெக்கானிக் என்ன சொன்னாலும் அது முடிந்த வேலை ஆகாது.

நம்பரைச் சரியாக எடுப்பது

பதிவுச் சான்றிதழில் சேசிஸ் நம்பர் இருக்கும். ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். தட்டச்சுப் பிழை புகுந்திருக்க வாய்ப்புண்டு. முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் உள்ள தகடு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர், இந்த இரண்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிக்கப்பில் சேசிஸ் இரும்பிலேயே, பெரும்பாலும் முன் சக்கரத்தை ஒட்டி, அதே நம்பர் குத்தப்பட்டிருக்கும். சேறு அப்பிக் கிடக்கும் இடம் என்பதால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் தெரியும். 17 இடங்களில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. அப்படித் தெரிந்தால் அது ஒன்று அல்லது பூஜ்யம்.

கம்பெனியின் இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டுத் தேடுங்கள். ஒரே மாடல், ஒரே வருடம் என்பதால் மட்டும் எல்லா வண்டியும் பட்டியலில் வராது. குறிப்பிட்ட சில வாரங்களில் தயாரானவை, குறிப்பிட்ட சப்ளையரின் பார்ட் பொருத்தியவை என்றுதான் பிரிப்பார்கள். பக்கத்து வீட்டு வண்டிக்கு வந்திருக்கிறது, உங்களுக்கு வரவில்லை என்றால் அதில் குழப்பம் எதுவும் இல்லை. செய்தியில் ரீகால் அறிவிப்பு வந்த பிறகும் நம்பர்கள் தேடலில் ஏறச் சில வாரங்கள் ஆகலாம். அதனால் ஒருமுறை "இல்லை" என்று வந்தால் அதோடு விடாமல், ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியாக வாங்கியவர்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அது பழைய ஓனரின் முகவரிக்குப் போயிருக்கும். வேறு நாட்டிலிருந்து இறக்கிய வண்டி என்றால் உள்ளூர்த் தேடலில் நம்பர் வராமல் போகலாம். முதலில் விற்ற நாட்டின் கம்பெனித் தளத்தில் தேடுங்கள்.

இன்னொன்று, ரீகால் வேறு, சர்வீஸ் கேம்பெயின் வேறு, மெக்கானிக்குகளுக்கு அனுப்பும் டெக்னிக்கல் புல்லட்டின் வேறு. பாதுகாப்புக் குறைக்காக வருவதுதான் ரீகால். புல்லட்டினை வைத்துக்கொண்டு இலவச வேலை கேட்டால் கவுன்டரில் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

ஓட்டலாமா, எங்கே நிறுத்துவது

அறிவிப்பில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான். "சரிசெய்யும்வரை ஓட்ட வேண்டாம்" என்று இருந்தால், பட்டறை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. டோ வண்டி அனுப்பச் சொல்லுங்கள். தகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்தில் இது நடந்தது. ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட்டை, பையை ஊத வைக்கும் இன்ஃபிளேட்டரில் பயன்படுத்தியிருந்தார்கள். வருடக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டு அது கெட, ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடு வெடித்துச் சிதறியது. 2018 ஜனவரியில் ஃபோர்டு, 2006 மாடல் ரேஞ்சர் பிக்கப்புகளில் சுமார் 2,900 வண்டிகளை ஓட்டவே வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

"கட்டடத்தை விட்டுத் தள்ளி, வெளியே நிறுத்தவும்" என்பது அடுத்த வகை. பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் வாங்கும் பாகத்தில் ஷார்ட் ஆகும் வாய்ப்பு இருந்தால் இப்படிச் சொல்வார்கள். சாவியை எடுத்த பிறகும் தீப்பிடிக்கலாம் என்று பொருள். குளிரில் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரின் ரிலே டீசல் வண்டிகளில் இப்படி ஒரு பாகம்; 2021, 2022 மாடல் ராம் என்ற அமெரிக்க பிராண்டின் ஹெவி டியூட்டி பிக்கப்புகளுக்கு ரீகால் வந்தது அந்த ரிலேயால்தான்.

அறிவிப்பு பேட்டரியைக் கழற்றச் சொன்னால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பெரிய டீசல் பிக்கப்புகளில் இரண்டு பேட்டரிகள் பேரலலாக இருக்கும். ஒன்றின் நெகட்டிவை மட்டும் எடுத்தால் மற்றது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டின் நெகட்டிவையும் எடுங்கள். அடுத்தது, புகையைச் சுத்தப்படுத்த ஆட்ப்ளூ என்ற யூரியாத் திரவம் ஊற்றும் வண்டியில் சாவியை எடுத்த கையோடு பேட்டரியைக் கழற்றாதீர்கள். எஞ்சின் நின்ற பிறகு பைப்பில் மீந்த திரவத்தைப் பம்ப் டேங்குக்குத் திருப்பி இழுக்கும். அதற்குச் சில நிமிடங்கள் கொடுக்காவிட்டால் திரவம் பைப்பிலும் நாசிலிலும் உப்பாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ரீகாலைச் சரிசெய்யப் போய்ப் புதுச் செலவை இழுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

ஹை பிரஷர் பம்ப் ரீகால்

டீசல் பிக்கப்பில் வரும் ரீகால்களில் அரைகுறையாக முடிகிற ஆபத்து இதில்தான் அதிகம், அதனால் விரிவாகவே பார்ப்போம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து டீசல் போவதுதான் காமன் ரெயில் எஞ்சின். அதில் இந்தப் பம்ப் டீசலை 2,000 பார் அளவுக்கு, அதாவது காற்றழுத்தத்தைப் போல சுமார் இரண்டாயிரம் மடங்கு, அழுத்துகிறது. பம்புக்கென்று தனி ஆயில் கிடையாது. உள்ளே போகும் டீசலேதான் அதற்கு மசகு. டீசலில் தண்ணீரோ காற்றோ கலந்தால், அல்லது பம்புக்குள் சுழலும் கேம்மீது உருளும் ரோலர் கோணம் மாறித் திரும்பிக்கொண்டால், உருள வேண்டியது தேய ஆரம்பிக்கும். தேய்ந்த இரும்புத் துகள் ரெயிலுக்குப் போகும், இன்ஜெக்டருக்குப் போகும், ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்கும் வந்து சேரும்.

2019, 2020 மாடல் ராம் பிக்கப்புகளில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் உள்ளவற்றுக்கு 2021 நவம்பரில் வந்த ரீகால் இந்த வகை. சிபி4 என்ற ரக ஹை பிரஷர் பம்பை எடுத்துவிட்டுப் பழைய தலைமுறை சிபி3 பம்பைப் பொருத்தினார்கள். பம்பின் குணம் மாறுவதால் எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரும் மாற வேண்டியிருந்தது.

பம்ப் இன்னும் தேயவில்லை என்றால் பம்பை மட்டும் மாற்றினால் போதும். தேய்ந்து துகள் பரவிய பிறகு பம்பை மட்டும் மாற்றுவது பாதிக் கிணறு தாண்டுவதுதான். டேங்கில் கிடக்கும் துகளும் ரெயிலில் ஒட்டியதும் புது இன்ஜெக்டர்களையும் தின்னும். அப்போது இன்ஜெக்டர்கள், ரெயில், ஹை பிரஷர் பைப்புகள், ரிட்டர்ன் லைன், ஃபில்டர் எல்லாம் மாற வேண்டும், டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே பட்டறையில் சொல்லுங்கள்: ஃபில்டர் கிண்ணத்தில் உள்ள டீசலைக் கண்ணாடி ஜாடியில் வடித்துக் காட்டட்டும். வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு தெரிகிறதா, வெள்ளைத் துணியில் ஊற்றினால் சாம்பல் நிறப் பொடி நிற்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "அது தனிக் கோளாறு, ரீகாலில் வராது" என்ற பேச்சு எழுந்தால் இந்தப் படம் பேசும்.

பார்ட்ஸுக்காகக் காத்திருக்கும் நாட்களில் ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட நேரம் எடுத்தாலோ, ஏற்றத்தில் இழுவை திடீரென்று விழுந்தாலோ, ஸ்கேனரில் பி0087 என்று ரெயில் அழுத்தம் குறைந்ததற்கான கோட் வந்தாலோ அதோடு நிறுத்துங்கள். மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பது துகளை இன்னும் உள்ளே தள்ளும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அன்றே வடிக்க வேண்டும்.

பட்டறையில் கவனிக்க இன்னும் சில. ஹை பிரஷர் பைப்பைப் பல எஞ்சின்களில் ஒருமுறை தளர்த்தினால் புதிதுதான் போட வேண்டும். முனையில் உள்ள கூம்பு அழுந்திப் பதிந்த பிறகு மறுபடி சரியாக அடைக்காது. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷரும் அப்படித்தான். புது இன்ஜெக்டர் மாட்டினால் அதன் தலையில் அச்சிட்ட குறியீட்டை எஞ்சின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டாலோ, சிலிண்டர் மாற்றி ஏற்றினாலோ ஐடிலில் எஞ்சின் உதறும், சத்தம் போடும், புகை கக்கும். புதுப் பம்பைக் காய்ந்த நிலையில் சுழற்றவே கூடாது. டேங்கிலிருந்து டீசல் வந்து நிறையும்வரை ஃபீட் பம்பை ஓடவிட்டு, காற்றை வெளியேற்றிய பிறகே செல்ஃப்.

கசிவை விரலால் தடவிப் பார்ப்பது யாராக இருந்தாலும் முட்டாள்தனம். 2,000 பாரில் வரும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

இ.ஜி.ஆர். கூலர்

எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம் இது. 2014 முதல் 2019 வரையான ராம் 1500 பிக்கப்புகளில் 3.0 லிட்டர் டீசல் எஞ்சின் உள்ளவற்றுக்கு இதற்காக ரீகால் வந்தது. சூடும் குளிர்ச்சியும் மாறிமாறிப் பட்டுக் கூலரின் உள்ளே விரிசல் விடும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஆவி காற்றோடு கலந்து, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் தீப்பற்றும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் குறைவதுதான் அடையாளம். எஞ்சின் ஆறிய காலையில் கூலன்ட் டேங்கில் மார்க்கரால் கோடு போட்டு வைத்து, வாரம் ஒருமுறை பாருங்கள். குறைந்தால் ஊற்றி ஊற்றி ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

வண்டியை விடும் முன்

போனில் "ரீகால் வேலை" என்று பொதுவாகச் சொல்லாமல், அறிவிப்பில் உள்ள ரீகால் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் சொல்லுங்கள். பார்ட் உங்கள் நம்பருக்கே ஒதுக்கியாயிற்றா, சோதித்துப் பார்த்து மாற்றுவார்களா, நேரடியாக மாற்றுவார்களா, எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள். பல நாள் பிடிக்கும் வேலை என்றால் மாற்று வண்டியும் கேட்டுப் பார்க்கலாம்.

சாஃப்ட்வேர் மாற்றம் உண்டு, உங்கள் வண்டியிலோ பவர் கூட்டும் டியூனிங் ஏற்றியிருக்கிறீர்கள் என்றால், முன்கூட்டியே ஒரிஜினலுக்குத் திருப்புங்கள், இல்லையென்றால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கம்பெனியின் சாஃப்ட்வேர் ஃபைல் ஏறும்போது டியூனிங் எப்படியும் அழியும். சில நேரம் பாதியில் நின்று கம்ப்யூட்டரே முடங்கும். ஃபைல் ஏற்றும் நேரம் முழுக்கப் பேட்டரியில் சார்ஜர் இருக்க வேண்டும், வோல்டேஜ் விழுந்தாலும் அதே கதிதான்.

பின் தொட்டியில் உள்ள சரக்கை இறக்குங்கள். டேங்கை இறக்க வேண்டிய வேலை என்றால் டீசல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம். தொட்டி மூடியின் சாவியையும், லாக் வீல் நட் போட்டிருந்தால் அதன் அடாப்டரையும் கொடுங்கள். அந்த அடாப்டர் இல்லாததால் அரைநாள் வீணாவது பட்டறைகளில் சாதாரணம்.

ஜாப் கார்டு

செய்யும் வேலையைப் பட்டறை எழுதித் தரும் சீட்டுதான் ஜாப் கார்டு. ரீகாலுக்கு மட்டும் தனி ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். ஆயில், பிரேக் பேட் என்று வேறு வேலை சேர்ந்தால் அது வேறு கார்டு. இல்லையென்றால் எது இலவசம், எது கட்டணம் என்று பில்லில் கலங்கிவிடும். கார்டில் ரீகால் நம்பர், சேசிஸ் நம்பர், கிலோமீட்டர், பொருத்திய புதுப் பார்ட்டின் நம்பர், சாஃப்ட்வேர் மாறியிருந்தால் அதன் வெர்ஷன் இவ்வளவும் இருக்க வேண்டும். பழைய பார்ட்டைக் கையில் தர மாட்டார்கள், பெரும்பாலும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவார்கள். பார்த்து, படம் எடுத்துக்கொண்டால் போதும்.

ரீகால் வருவதற்கு முன்பே அதே கோளாறுக்குக் காசு கொடுத்துச் சரிசெய்திருந்தால் அந்தப் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பல கம்பெனிகள் பார்ட் நம்பரும் தேதியும் உள்ள பில்லுக்குப் பணம் திருப்பித் தருகின்றன. வண்டியையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வெளியே போட்ட பார்ட் பழைய டிசைனாகவே இருக்கலாம்.

தெரிந்த பட்டறையில் சீக்கிரம் முடியும் என்று ரீகால் வேலையை வெளியே செய்வதில் பயனில்லை. வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கம்பெனிப் பதிவில் ஏறாது. சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குச் சேசிஸ் நம்பரோடு எழுத்தில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறைக்கு.

வண்டி கைக்கு வந்த பிறகு

எரிபொருள் வேலை நடந்திருந்தால் முதல் இரவு எஞ்சினுக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து நிறுத்துங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சூட்டில் தெரியாத காற்றுக் கசிவு அப்போதுதான் தெரியும். டர்போ பக்கம் டீசல் வாடை அடித்தால் ஓட்டாமல் திருப்பிக் கூப்பிடுங்கள். கூலன்ட் வடித்த வேலை என்றால் இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள், உள்ளே மாட்டிய காற்று வெளியேறி மட்டம் இறங்கியிருக்கும். சக்கரம் கழற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள். ஏர்பேக் வேலை என்றால் சாவி போட்டதும் அதன் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான்.

இரண்டு வாரம் கழித்து அதே இணையதளத்தில் சேசிஸ் நம்பரை மறுபடி போட்டுப் பாருங்கள். இன்னும் நிலுவை என்று காட்டினால் ஜாப் கார்டின் படத்தைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிப் பதிவை மூடச் சொல்லுங்கள். கார்டின் அசல் வண்டியின் பதிவுப் பத்திரங்களோடு இருக்கட்டும், விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.